வெளிநாட்டு வாடகை வீட்டில் காப்பகப் பூனைக்குத் தற்காலிக இடம் கொடுப்பது எப்படி

நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பூனை 15 வருடம் இருக்கும். 18, 20 வயதைத் தொடும் பூனைகளும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கோ அடுத்த 3 வருடம் எங்கே இருப்போம் என்பதே தெரியாது. விசாவைப் புதுப்பிக்க வேண்டும், வேலை ஒப்பந்தம் முடியும், வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்பார். இந்த நிலைமையில் ஒரு பூனையைத் தத்தெடுப்பது நியாயமா என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபாஸ்டர் என்று ஒரு வழி இருக்கிறது. விலங்குக் காப்பகத்தில் இருக்கும் பூனையைச் சில வாரமோ சில மாதமோ நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். அதற்கு நிலையான வீடு கிடைத்ததும் அனுப்பிவைப்போம். ஒற்றைப் படுக்கையறை கொண்ட என் வாடகை வீட்டுக்கு இப்படிப் பல பூனைகள் வந்து போயிருக்கின்றன.

சொந்தமாக வளர்க்க முடியாதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளச் செய்யும் வேலை என்று இதை நினைக்காதீர்கள். கூண்டுக்குள் இருக்கும் பூனை தன் இயல்பைக் காட்டாது. பயத்தில் மூலையில் சுருண்டு கிடக்கும், இல்லையென்றால் கம்பியில் உரசிக்கொண்டு கத்தும். பார்க்க வருகிறவர்கள் ‘இது பழகாது’, ‘இது முரடு’ என்று முடிவு செய்து அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பூனை உண்மையில் எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதான் ஃபாஸ்டர் வீட்டின் பெரிய வேலை. தீனி வைப்பதையும் கழிவு மண்ணை அள்ளுவதையும் யாரும் செய்துவிடலாம்.

எதற்குச் சம்மதிக்கிறோம்

நம் வீட்டில் இருந்தாலும் சட்டப்படி பூனை காப்பகத்துக்குத்தான் சொந்தம். எந்த மருத்துவரிடம் போவது, என்ன சிகிச்சை, யாருக்குத் தத்து கொடுப்பது எல்லாம் அவர்கள் முடிவு. மருத்துவச் செலவைப் பெரும்பாலும் காப்பகமே ஏற்கும். தீனியும் லிட்டர் மணலும் (பூனை மலஜலம் கழிக்கும் பெட்டியில் போடும் மணல்) தருவது இடத்துக்கு இடம் மாறும். ஒப்பந்தத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அது உள்ளூர் மொழியில் இருந்தால் அவசரப்படாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு முழுதாகப் படியுங்கள். இரண்டு விஷயம் அதில் தெளிவாக இருக்க வேண்டும்: அவசரத்தில் காப்பகத்தைக் கேட்காமல் மருத்துவரிடம் கொண்டுபோனால் பணம் யார் கட்டுவது, தொடர்ந்து பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் எவ்வளவு சீக்கிரம் பூனையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். திடீரென்று விமானம் ஏற வேண்டிய நிலை நமக்கு எப்போதும் வரலாம்.

எந்த மாதிரிப் பூனை வேண்டும் என்று கேட்பார்கள். உங்கள் வேலை நேரத்தை வைத்துப் பதில் சொல்லுங்கள். 4 வாரத்துக்குக் குறைந்த, தாயில்லாத குட்டிகளுக்கு இரவு பகல் பாராமல் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டியில் பால் கொடுக்க வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்கு முதலில் சூடேற்றிவிட்டுத்தான் பாலே கொடுக்கலாம். அலுவலகம் போய் வருகிறவர் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. தானே சாப்பிடும் குட்டிகள் என்றால் சரி. 2 முதல் 7 வாரம் வரைதான் குட்டிகள் மனிதர்களோடு சுலபமாகப் பழகும் காலம், அதனால் அவற்றுக்கு ஒரு வீட்டின் அன்றாடச் சத்தம் தேவை. மிக்ஸி, வாக்குவம் கிளீனர், விருந்தாளி, குழந்தை அழுகை என்று எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் காட்ட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். எடை ஏறாமல் நின்றால், குட்டி துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாலும் காப்பகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். பல காப்பகங்கள் 8 வாரம் தாண்டி ஏறத்தாழ 1 கிலோ வந்ததும் கருத்தடை செய்து தத்துக்கு விடுகின்றன.

முதல்முறை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, வயதான பூனையையோ நெடுநாள் காப்பகத்திலேயே கிடக்கும் பூனையையோ கேளுங்கள் என்பதுதான். குட்டிகளை எடுக்க எப்போதும் ஆள் இருக்கும். 11 வயதுப் பூனையைக் கேட்டு யாரும் வருவதில்லை. என் வீட்டுக்கு வந்த ஆஸ்கர் அப்படிப்பட்டவன். அவனை வளர்த்தவர் முதியோர் இல்லத்துக்குப் போனதால் காப்பகத்துக்கு வந்த சாம்பல் நிறப் பூனை. பகலெல்லாம் தூங்குவான், நான் வேலை முடிந்து வந்ததும் மடிக்கு வருவான். அலுவலகம் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான துணை எது?

வீட்டுக்காரர், விசா, உடன் தங்கியிருப்பவர்

வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், மின்னஞ்சல் போதும். ‘பூனை வளர்க்கலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் பலர் மறுத்துவிடுவார்கள். காப்பகத்தின் பூனை, கருத்தடை ஆனது, இத்தனை மாதம்தான் இருக்கும், பொறுப்பு காப்பகத்துடையது என்று விவரமாக எழுதுங்கள். காப்பகத்திடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் இன்னும் நல்லது. அனுமதி இல்லாமல் ஒளித்து வளர்த்து நடுவில் மாட்டிக்கொண்டால் திரும்பக் கூண்டுக்குப் போகப்போவது பூனைதான்.

ஃபாஸ்டர் சம்பளமில்லாத தன்னார்வ வேலை. சில விசாக்களில் தன்னார்வ வேலைக்கும் நிபந்தனை உண்டு என்பதால் உங்கள் விசாத் தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பகிர்ந்து தங்கியிருந்தால் உடன் இருப்பவர்களிடம் ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர் வீட்டில் இருந்தால் லிட்டர் பெட்டியை வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை, பூனையின் மலத்தில் வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளிவிட்டால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

ஜன்னலை முதலில் பாருங்கள்

கிண்ணமும் பொம்மையும் அப்புறம் வாங்கலாம். பூனை வரும் முன்னால் ஒவ்வொரு ஜன்னலையும் பால்கனியையும் பாருங்கள். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்ற நம்பிக்கை உயிரை வாங்கிவிடும். 1987-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று, 5 மாதத்தில் ஒரே மருத்துவமனைக்கு உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்ததைப் பதிவு செய்திருக்கிறது. கொசுவலையை நம்பாதீர்கள், நகத்தாலேயே கிழித்துவிடும். உறுதியான கம்பி வலை வேண்டும், இல்லையென்றால் ஜன்னல் மூடியே இருக்க வேண்டும்.

மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து திறக்கும் ஜன்னல்கள் பல நாடுகளில் இருக்கின்றன. காற்றுக்காக அதைச் சாய்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். பூனை அந்த இடுக்கு வழியாக வெளியேறப் பார்த்து, கீழே சறுக்கி, இடுப்பு மாட்டி நசுங்கும். உதறும்போதெல்லாம் இன்னும் ஆழமாக இறங்கும். இதில் பின்னங்கால்கள் செயலிழந்துபோன பூனைகள் நிறைய. இந்த மாதிரி ஜன்னல் உள்ள வீட்டில், பூனை இருக்கும் அறையில் அதைச் சாய்க்கவே கூடாது.

அப்புறம் பூச்செண்டு. லில்லிப் பூவின் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு விஷம். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். யாராவது பூ வாங்கி வந்தால் வாசலிலேயே பிரித்துப் பாருங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள், சிவப்பு அணுக்களை அழித்துவிடும். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்களுக்கான உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படித்தான். நூல், தலைமுடி ரப்பர், ரிப்பன் தரையில் கிடக்கக் கூடாது, விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். வாஷிங் மெஷினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

ஒரு அறை, ஒரு அட்டைப்பெட்டி

வந்ததும் வீடு முழுக்கத் திறந்துவிடாதீர்கள். சிறிய அறை ஒன்று போதும். தனி அறை இல்லாதவர்கள் குளியலறையையோ, திரை போட்டு மறைத்த ஒரு மூலையையோ ஒதுக்கலாம். தீனியும் லிட்டர் பெட்டியும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். தண்ணீரைத் தீனிக்குப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு பூனைக்கு லிட்டர் பெட்டி இரண்டு என்பது நல்ல கணக்கு. பழைய காப்பகத்தில் என்ன மணல், என்ன தீனி என்று கேட்டு அதையே முதலில் தொடருங்கள்.

ஒளிந்துகொள்ள இடம் கட்டாயம் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளியும் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வந்த அந்த ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகள் வேகமாகப் பதற்றம் தணிந்தன. பொருட்கள் வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் துவாரம் வெட்டி, கவிழ்த்து வையுங்கள். நீங்களே இடம் கொடுக்கவில்லை என்றால் பூனை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து யாரும் எடுக்க முடியாது.

முதல் வாரம்

முதல் இரண்டு மூன்று நாள் பூனை கண்ணிலேயே படாமல் இருக்கலாம். அது இயல்பு. பெட்டிக்குள் கைவிட்டு இழுக்காதீர்கள், பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்காதீர்கள். தீனி குறைகிறதா, லிட்டர் நனைந்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் குண்டான பூனைக்கு, உடல் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேரும். அது உயிருக்கே ஆபத்து.

நான் எல்லாப் புதுப் பூனைக்கும் செய்வது ஒன்று உண்டு. தினமும் வீட்டுக்குப் பேசும் தொலைபேசி அழைப்பைப் பூனை இருக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து பேசுவேன். அம்மாவிடம் அரை மணி நேரம் பேசும்போது என் கவனம் பூனையின் மேல் இருக்காது. குரல் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். தன்னை யாரும் உற்றுப் பார்க்கவில்லை, பிடிக்க வரவில்லை என்று பூனைக்குப் புரியும் நேரம் அதுதான். மிலா என்ற கறுப்பு வெள்ளைப் பூனை பெட்டியை விட்டு முதன்முதலில் வெளியே வந்தது அப்படி ஒரு அழைப்பின் நடுவில்தான். காப்பகத்தில் அவள் அட்டையில் ‘தொட விடாது’ என்று எழுதியிருந்தது. அவள் என் முழங்காலை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உற்சாகத்தில் உடனே கையை நீட்டாதீர்கள். அது வந்து உரசும்வரை பொறுங்கள்.

கண் பார்வை பட்டுவிட்டால் மெதுவாகக் கண்களைப் பாதி மூடி, திறந்து, மறுபடி மூடுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிச் செய்யும் புது மனிதரிடம் பூனைகள் அதிகம் நெருங்குகின்றன என்று காட்டியது. பதிலுக்கு அதுவும் கண்ணை மூடித் திறந்தால் நல்ல அடையாளம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டையும் குறைந்தது 2 வாரம் தனித்தனி அறையில் வையுங்கள். கிண்ணங்களும் தனித்தனி. ஒரு பூனையைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் அடுத்தது.

நோட்டு

பூனை வந்த நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் இரண்டு மூன்று வரி போதும். எவ்வளவு சாப்பிட்டது, லிட்டர் எப்படி, எங்கே தூங்கியது, எதற்குப் பயந்தது, எதைக் கண்டு ஓடிவந்தது. இது மருத்துவருக்கும் உதவும், தத்தெடுக்க வருபவருக்கும் உதவும்.

காப்பகத்துக்கு விவரம் எழுதும்போது ‘பாசமான பூனை’, ‘அமைதியான பூனை’ என்று எழுதாதீர்கள். எல்லாப் பூனைக்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். நடந்ததை எழுதுங்கள். ‘அழைப்பு மணி அடித்தால் கட்டிலுக்கடியில் ஓடும், பத்து நிமிடத்தில் தானே வெளியே வரும்.’ ‘வயிற்றைத் தொட்டால் கடிக்கும், தாடைக்கடியில் சொறிந்தால் தலையைச் சாய்க்கும்.’ ‘8 மணி நேரம் தனியாக இருந்தது, எதையும் கிழிக்கவில்லை.’ உள்ளூர் மொழி சரளமாக வராதவர்களும் இப்படிச் சின்ன வாக்கியங்களை எழுதிவிடலாம். தத்தெடுக்க நினைப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவதும் இதைத்தான். கெட்ட பழக்கத்தை மறைக்காதீர்கள். தெரிந்து எடுத்துப் போகிறவர் திருப்பிக் கொண்டுவர மாட்டார்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், பூனையின் கண் மட்டத்துக்குத் தரையில் படுத்து எடுங்கள். கறுப்புப் பூனைகளுக்கு வெளிர் நிறப் போர்வையை விரித்தால் முகம் தெளிவாக விழும். ஆஸ்கர் மடியில் தூங்கும் பத்து விநாடி வீடியோவைப் பார்த்துத்தான் ஒரு வயதான தம்பதி அவனைத் தேடி வந்தார்கள்.

உடம்பு சரியில்லை என்றால்

அவசரம் வருவதற்கு முன்பே உள்ளூர் மொழியில் சில வாக்கியங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். ‘இது காப்பகத்தின் பூனை’, ‘நேற்றிலிருந்து சாப்பிடவில்லை’, ‘வாயைத் திறந்து மூச்சு விடுகிறது’, ‘சிறுநீர் போக முடியவில்லை’. அதன் பக்கத்தில் காப்பகத்தின் ஃபாஸ்டர் பொறுப்பாளர் எண், 24 மணி நேர மருத்துவமனையின் எண், பூனையின் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண். நல்ல மொழிப் பழக்கம் உள்ளவருக்கும் நள்ளிரவில், பதற்றத்தில், தொலைபேசியில் வார்த்தை வராது. சொல்ல வராத அறிகுறியை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

தும்மல், கண்ணில் நீர், மூக்கடைப்பு எல்லாம் காப்பகத்திலிருந்து வரும் பூனைகளிடம் அடிக்கடி பார்ப்பது. அன்றே பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டு அவர் சொல்வதைச் செய்தால் போதும். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாததால் சாப்பிடாது, ஈர உணவைக் கொஞ்சம் சூடுபடுத்தி வையுங்கள். ஆனால் ஆண் பூனை லிட்டர் பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, சொட்டுகூட வராமல் திரும்பினால் காலைவரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் உடனே கிளம்ப வேண்டும். பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தொட்டால் நமக்குச் சூடாகத்தான் தெரியும், அதை வைத்துக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். நம் வீட்டு மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

பூனையைத் தூக்கிப்போகும் பெட்டியான கேரியரை அலமாரியில் வைத்துவிட்டு மருத்துவர் நாளில் மட்டும் வெளியே எடுத்தால் பூனை அதைப் பார்த்ததுமே ஓடும். எப்போதும் அறையில் கதவு திறந்தபடி, உள்ளே துணி போட்டு வைத்திருங்கள்.

ஊருக்குப் போகும்போது

பயணத் தேதி தெரிந்த உடனே காப்பகத்துக்குச் சொல்லுங்கள். மாற்று வீடு தேட அவர்களுக்கு நேரம் வேண்டும். நண்பர் பார்த்துக்கொள்வார் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை, காப்பகம் அந்த நண்பரை ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் நீண்ட விடுமுறைக்கு முன் புதுப் பூனை எடுப்பதே இல்லை. பயந்த பூனை ஒரு வீட்டுக்குப் பழகும் முன்னே இன்னொரு வீட்டுக்குப் போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அனுப்பிவைப்பது

அழுகை வரும். அதற்காகவே பலர் ஃபாஸ்டர் எடுக்கத் தயங்குகிறார்கள். என் அனுபவத்தில், போகும் வீட்டுக்காரர்களை நேரில் சந்தித்துப் பேசினால் மனது ரொம்ப இலகுவாகிவிடும். காப்பகம் அனுமதித்தால் நீங்களே முன்னால் இருந்து பூனையை அறிமுகப்படுத்துங்கள். அது படுத்த துணியைத் துவைக்காமல் கொடுத்துவிடுங்கள், புது இடத்தில் பழகிய வாசனை கொஞ்சமாவது இருக்கட்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்த தீனியில் சில நாளுக்கானதும், நோட்டிலிருந்து எடுத்து எழுதிய ஒரு பக்கமும் கூடப் போக வேண்டும்.

இதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும் பூனை ஒன்று கட்டாயம் வரும். அப்போது மனதைக் கேட்பதற்கு முன் தாள்களைப் பாருங்கள். நாடு மாறும்போது பூனையைக் கூட்டிப்போக 15 இலக்க மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி இவை பல நாடுகளில் வேண்டும். சில நாடுகள் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று இரத்தப் பரிசோதனையும் கேட்கும், அதில் எதிர்ப்பொருள் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். வெறிநோய் உள்ள நாடுகளிலிருந்து ஜப்பானுக்குப் போக இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள். எங்கே போக நேர்ந்தாலும் இதையெல்லாம் செய்து, செலவழித்து, கூடவே கூட்டிப்போவேன் என்று சொல்ல முடிந்தால் தத்தெடுங்கள். அதில் கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் பூனையை இன்னொரு நல்ல வீட்டுக்கு அனுப்புங்கள். உங்கள் அறையில் அடுத்த பூனைக்கு இடம் கிடைக்கும்.

பூனை போனபின் அறையைச் சுத்தம் செய்யும் முறையைக் காப்பகத்திடம் கேளுங்கள். இருந்தது பான்லுகோபீனியா என்ற கடுமையான வைரஸ் தொற்று கண்ட பூனை என்றால் சாதாரணக் கிருமிநாசினி போதாது. அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூட உயிர்ப்போடு இருக்கும், நீர்த்த ப்ளீச் போன்றவைதான் அழிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிகளை எடுக்கக் கூடாது. மற்றபடி துணிகளைச் சூடான நீரில் துவைத்து, லிட்டர் பெட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, கிழிந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அடுத்து எந்தத் தேதியிலிருந்து இடம் இருக்கிறது என்று பொறுப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.